கரண்டிப் பெட்டியும் வெள்ளிக் காலும்

2004ஆம் ஆண்டு ஜூன் மாதம் 12ஆம் திகதி, சனிக்கிழமை, காலை பத்து மணி ஏழு நிமிடம். தூறல் விழுந்துகொண்டிருந்தது, பல்கனியில் தொங்கும் வெப்பமானி பதின்மூன்று பாகை காட்டியது. ஜேர்மனியின் பான் நகரிலிருந்து புறப்பட்ட என் தங்கை, ஹனோவரில் எங்கள் வீட்டு வாசலில் நின்றாள். சந்தைக்கு இழுத்துப் போகும், இரண்டு சில்லு வைத்த பை ஒன்று அவளுடைய கையில் இருந்தது. மூன்றாம் மாடிக்கு அதை நான் தூக்கி வருகிறேன் என்றேன். விடவில்லை. படிக்குப் படி நின்று தானே தூக்கி வந்தாள்.

பைக்குள் குளியல் துவாயால் சுற்றிய இரண்டு பொதிகள் இருந்தன. ஒன்றைச் சுவரோரம் வைத்து, அதைத் தொடவேண்டாம் என்றாள். மற்றதைச் சாப்பாட்டு மேசையில் வைத்து அவிழ்த்தாள். மூலைகளுக்குப் பித்தளை பதித்த மரப்பெட்டி. இதைக் கோலோனில் ரயில் மாறும்போது மேடையில் வைத்துவிட்டுத் தேத்தண்ணி வாங்கப் போனாயா என்று கேட்டேன். போனாளாம்.

பெட்டி அவளுக்கு எப்படி வந்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். பானின் கோடெஸ்பெர்க் பக்கத்தில் ஓர் ஆங்கிலேய அம்மாவின் வீட்டில் தங்கை பதினொரு வருடம் வேலை செய்தாள். அந்த அம்மாவின் கணவர், பான் தலைநகராக இருந்த காலத்தில் தூதரகத்தில் இருந்தவர். கணவர் இறந்தார், பிறகு தூதரகமும் பெர்லினுக்குப் போனது. அம்மா மட்டும் அங்கேயே இருந்துவிட்டார். முந்தின வருடம் இலையுதிர்காலத்தில் அவரும் காலமானார். இந்தப் பெட்டி என் தங்கைக்கு என்று எழுதி வைத்திருந்தார். இங்கிலாந்திலிருந்து வந்த மருமகன் அதைத் தன் கையாலேயே தூக்கி வந்து கொடுத்தார்.

அந்த மாரிக் குளிரிலேயே தங்கையின் கணவர் ஆஸ்பத்திரியில் படுத்தார். நீரிழிவு. வலது காலில் இரண்டு விரல்களை எடுத்தார்கள். புண் ஆறவில்லை. பிறகு ஒரு நாள் டாக்டர் நீலப் பேனையால் கணுக்காலுக்கு மேலே ஒரு கோடு கீறினார். திங்கட்கிழமை வரை பார்ப்போம், ஆறாவிட்டால் இந்தக் கோட்டோடு எடுப்போம் என்றார். அன்று பின்னேரம் தங்கை வீட்டுக்கு வந்தாள். அவளிடம் இருந்த ஒரே வெள்ளி இந்தப் பெட்டிக்குள்தான் இருந்தது. மூடியில் கையை வைத்து, கால் தப்பினால் அந்தக் கோடு வரைக்கும் ஒரு வெள்ளிக் கால் தருகிறேன் என்று மாதாவுக்கு நேர்ந்தாள்.

கால் தப்பியது. கணவர் இப்போது நடைப்பயிற்சிக்காக மூன்று கிழமை ரேஹா மருத்துவமனையில் இருந்தார். ஆகஸ்டில் கெவலார் மாதா கோயிலில் தமிழர்களின் திருநாள். வெள்ளிக் கால் அதற்குள் முடிய வேண்டும்.

எங்கள் ஊர்ப் பக்கத்தில் இது பெரிய காரியமில்லை. கோயில் வாசல் கடையில் கண், கை, கால் எல்லாம் மெல்லிய வெள்ளித் தகட்டில் அடித்து வைத்திருப்பார்கள். உள்ளங்கைக்குள் அடங்கும். நோவுக்கு ஏற்றதை வாங்கி உண்டியலில் போடுவதுதான். கெவலாரில் மெழுகுதிரி நூறு விதத்தில் கிடைக்கும்; வெள்ளிக் கால் கிடைக்காது. அதைவிட, தங்கை நேர்ந்தது உள்ளங்கையளவுக் கால் இல்லை. கோடு வரைக்கும் என்றால் கோடு வரைக்கும்தான், ஆள் அளவுக்கு.

அவள் என்னிடம் வந்ததற்கு இரண்டு காரணங்கள். வெள்ளி வேலை தெரிந்த யாழ்ப்பாணத்தவர் ஒருவர் ஹனோவரில் இருந்தார். மற்றக் காரணம் நான். கொழும்பில் அரசாங்கக் கந்தோரில் கணக்கெழுதிய நான், இங்கே வந்து பதினான்கு வருடம் ஒரு ஹோட்டலின் பின்கட்டில் பாத்திரம் கழுவினேன். விருந்து முடிந்ததும் கரண்டி, முள்ளுக்கரண்டி, கத்திகளை எண்ணி ஒப்படைப்பது என் பொறுப்பு. குப்பைத் தொட்டிக்குள் கையை விட்டுத் தேடியாவது கணக்கைச் சரியாக்குவேன். ஆகவே கரண்டி விஷயத்தில் எனக்குத் தெரியாதது இல்லை என்று குடும்பத்தில் ஒரு பேச்சு இருந்தது. அதை நானும் மறுத்ததில்லை.

பெட்டியைத் திறந்தாள். மூடியின் உட்புறத்தில் மங்கிய வெண்பட்டு. அதில் பொன்னெழுத்தில் லண்டன் தெரு ஒன்றின் பெயர், கடையின் பெயர், மேலே அரச சின்னம். உள்ளே ஒன்றின் மேல் ஒன்றாக மூன்று தட்டுகள், நீல வெல்வெட். ஒவ்வொரு கரண்டிக்கும் அதன் உருவத்திலேயே ஒரு பள்ளம். பெரிய முள்ளுக்கரண்டி, சின்ன முள்ளுக்கரண்டி, பெரிய கரண்டி, சின்னக் கரண்டி, கத்தி, ஒவ்வொன்றிலும் பன்னிரண்டு. எல்லாவற்றின் காம்பிலும் சாவி பிடித்த ஒரு கை செதுக்கியிருந்தது. பள்ளங்கள் அறுபது. நான் இரண்டு தரம் எண்ணினேன். சாமான் ஐம்பத்தொன்பது.

“சின்னக் கரண்டி ஒண்டு குறையுது” என்றேன்.

“ஓம்” என்றாள். தேத்தண்ணி போடக் குசினிக்குள் போய்விட்டாள்.

பழைய பழக்கத்தில் ஒரு முள்ளுக்கரண்டியைத் திருப்பிக் காம்பின் பின்புறத்தைப் பார்த்தேன். இந்த நாட்டு வெள்ளியில் எண் குத்தியிருக்கும்: 800 அல்லது 925. எங்கள் ஹோட்டல் கரண்டியில் 90 என்றிருக்கும், அது முலாம். இதில் எண்ணே இல்லை. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப் பார்த்தேன், இறக்கிப் பார்த்தேன். கடுகளவில் ஏதோ படங்கள் மட்டும் தெரிந்தன. இன்னும் பத்தை எடுத்துப் பார்த்தேன். எல்லாம் அப்படியே.

இது வெள்ளி இல்லை, முலாமாகத்தான் இருக்க வேண்டும் என்று சொன்னேன். தேத்தண்ணித் தட்டோடு வந்த தங்கை அதை மேசையில் வைத்துவிட்டுக் கதிரையில் இருந்தாள்.

“அப்ப நான் மாதாவுக்குத் தகரத்தையோ நேந்தனான், அண்ணை?”

நான் முள்ளுக்கரண்டியை அதன் பள்ளத்தில் திருப்பி வைத்தேன். என் மனைவிதான் குசினி வாசலில் நின்று கதைத்தாள். “இஞ்சேருங்கோ, ஹோட்டல் கரண்டி கழுவினவை எல்லாம் இங்கிலாந்து ராணியின்ரை கரண்டிக்குத் தீர்ப்புச் சொல்லக் கூடாது. திங்கட்கிழமை தெரிஞ்ச ஒருத்தரிட்டைக் கொண்டுபோய்க் காட்டுங்கோ. நீ தேத்தண்ணியைக் குடி, மச்சாள்.”

ஞாயிறு முழுவதும் தங்கை பெட்டிப் பக்கமே போகவில்லை.

திங்கட்கிழமை ஒரு முள்ளுக்கரண்டியைக் கைலேஞ்சியில் சுற்றி, சட்டையின் உட்பையில் வைத்துக்கொண்டு பழைய நகரப் பகுதிக்குப் போனேன். ட்ராமில் யாராவது முட்டினால் நெஞ்சில் குத்திவிடுமோ என்று வழி நெடுகப் பயம். அங்கே பழைய வெள்ளிச் சாமான் விற்கும் கடை ஒன்று உண்டு. கண்ணாடிக்குப் பின்னால் தேத்தண்ணி ஊற்றும் போச்சி ஒன்று மட்டும் இருக்கும், விலை எழுதியிருக்காது. விலை எழுதாத கடைக்குள் நான் நுழைந்தது அதுவே முதல் தரம்.

கடைக்காரர் மெலிந்த ஜேர்மன்காரர். ஒரு சின்ன உருப்பெருக்கியைக் கண்ணில் செருகிக்கொண்டு முள்ளுக்கரண்டியைப் பார்த்தார். உடனே சிரித்தார். ஆங்கிலேயர் எண் குத்துவதில்லை, சிங்கம் குத்துவார்கள் என்றார். உருப்பெருக்கியை என்னிடம் தந்து ஒவ்வொன்றாகக் காட்டினார். ஒரு காலைத் தூக்கி நடக்கும் சிங்கம்: வெள்ளி சுத்தமானது. சிறுத்தையின் முகம்: லண்டனில் சோதித்தது. பழைய பாணி எழுத்து ஒன்று: அது வருடத்தைச் சொல்லும். சின்னப் புத்தகம் ஒன்றைப் புரட்டி, 1871 என்றார். நாலாவதாக ஒரு பெண்ணின் பக்கவாட்டு முகம். விக்டோரியா மகாராணி. வரி கட்டியாயிற்று என்பதற்கு அடையாளமாம்.

பயற்றம்பருப்பில் பாதி இருக்கும் அந்த முகம். கொண்டையும் மூக்கும் தெளிவாகத் தெரிந்தன. ஒவ்வொரு முள்ளுக்கரண்டியின் முதுகிலும் மகாராணியின் தலையைக் குத்தி வரி வாங்கிய அரசாங்கத்தை நினைத்துப் பார்த்தேன். எங்கள் வீட்டு மேசையில் எத்தனை மகாராணிகள் குப்புறக் கிடக்கிறார்கள் என்று மனதுக்குள் எண்ணத் தொடங்கிவிட்டேன்.

ஐந்தாவது முத்திரையில்தான் எனக்குச் சந்தேகம் வந்தது. இரண்டு ஆங்கில எழுத்துகள். அவை மூடியில் இருந்த கடைப் பெயரின் எழுத்துகள்தான். ஆனால் அவற்றின் ஓரத்தில் வேறு ஒரு எழுத்தின் வால் தெரிந்தது. கடைக்காரரிடம் காட்டினேன். அவர் என்னை ஒரு தரம் நிமிர்ந்து பார்த்தார். பிறகு கதிரை எடுத்துப் போட்டார்.

அந்தத் தெருக் கடைகள் கரண்டி செய்வதில்லையாம். சீமாட்டி வண்டியில் வந்து இறங்குவாள். கறுப்பு வெல்வெட்டில் மாதிரிகளை அடுக்கிக் காட்டுவார்கள். அவள் ஒன்றைத் தெரிவு செய்வாள். குடும்பச் சின்னத்தைச் சொல்வாள். வேலை நடப்பது வேறு எங்கோ, புகை மண்டிய சந்து ஒன்றில். அங்கே செய்தவன் தன் எழுத்தைக் குத்தி அனுப்புவான். கடைக்கு வந்ததும் சில பெரிய கடைகள் அதன் மேலேயே தங்கள் எழுத்தைக் குத்திவிடும். வாங்குகிறவர்கள் கரண்டியை மட்டும் வாங்கவில்லை, அந்தத் தெருவையும் சேர்த்துத்தான் வாங்கினார்கள் என்றார்.

நான் ஹோட்டலில் கழுவிய கரண்டிகளிலும் ஹோட்டலின் பெயர்தான் இருந்தது. அது எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. அதோடு இன்னொன்றும். கொழும்புக் கோட்டையில் வெள்ளைக்காரர் காலத்துக் கடை ஒன்று இருந்தது. கந்தோர் விட்டு வரும்போது அதன் கண்ணாடியில் இப்படி ஒரு திறந்த பெட்டியைக் கண்டிருக்கிறேன். வாசலில் தொப்பி போட்ட காவல்காரன் நிற்பான். வெளியே நின்றபடி எண்ண முடிந்தது மேல்தட்டு மட்டும்தான். கீழே எத்தனை தட்டு இருக்கும் என்ற கேள்வி எனக்குள் எங்கோ இருந்திருக்கிறது. மூன்று தட்டு. முப்பத்தைந்து வருடம் கழித்து, என் சாப்பாட்டு மேசையிலேயே பதில் கிடைத்தது.

வெளியே வருவதற்கு முன் அதேமாதிரி உருப்பெருக்கி ஒன்றை அவரிடமே வாங்கினேன். பன்னிரண்டு யூரோ ஐம்பது சென்ட்.

அடுத்த நாள் அவரே வீட்டுக்கு வந்து பெட்டியைப் பார்த்தார். கரண்டிகளையும் முள்ளுக்கரண்டிகளையும் பெட்டியோடு ஆயிரத்து ஐந்நூறு யூரோவுக்கு எடுப்பதாகச் சொன்னார். உருக்கினால் அதில் மூன்றில் ஒன்றுதான் தேறும். கத்திகள் வேண்டாமாம், அலகுகளைப் பிற்காலத்தில் மாற்றியிருக்கிறார்கள், பிடிகள் சில வெடித்திருக்கின்றன.

எனக்கு எல்லாம் வெளித்துவிட்டது போலிருந்தது. அவர் போனதும் தங்கைக்கு விளக்கினேன். பெட்டியை அவருக்குக் கொடுப்போம். அந்தக் காசில் புது வெள்ளி வாங்கிக் கால் செய்வோம். மிச்சக் காசில் மச்சானுக்கு இரண்டு சோடி விசேஷச் சப்பாத்தும் வாங்கலாம். அவருக்கு வேலை இல்லை; இவளுக்கும் ஆங்கிலேய அம்மா போனதோடு வேலை போய்விட்டது. நான் கடுதாசியில் கூட்டிக் கழித்துக் காட்டினேன்.

அவள் கடுதாசியைப் பார்க்கவில்லை. “கோயிலுக்கு நேந்த கிடாயை வித்துப்போட்டு, இறைச்சிக் கடையிலை ரெண்டு கிலோ வாங்கிக் குடுப்பியளோ அண்ணை?”

“கிடாய்க்கு உயிர் இருக்கு. இது கரண்டி.”

“நான் கையை வைச்சது இதிலை. அவரின்ரை கால் நிக்குது. இனி நான் சொல்லை மாத்தேலாது.”

இரண்டு நாள் இதே கதைதான். நான் விலையைச் சொல்வேன். அவள் கிடாயைச் சொல்வாள். இரவில் நான் படுக்கையில் கிடந்து, சாவி பிடித்த கைகள் வரிசையாக உருக்கும் கிண்ணத்துக்குள் இறங்குவதை நினைத்துக்கொண்டிருப்பேன். நூற்று முப்பத்து மூன்று வருடம் யாரோ எண்ணி எண்ணி அடுக்கி வைத்த பெட்டி. ஒரு விருந்துக்குப் பிறகு ஒரு கரண்டி குறைந்தாலே எனக்குச் சோறு இறங்காது.

வெள்ளிக்கிழமை காலையில்தான் கத்திகளின் ஞாபகம் வந்தது. கடைக்காரர் வேண்டாம் என்ற கத்திகள். அவையும் அந்தப் பெட்டிதானே? தங்கையிடம் சொன்னேன். “ஓம், கத்தியும் பெட்டிக்குள்ளைதானே கிடந்தது” என்றாள். பன்னிரண்டையும் குசினித் தராசில் நிறுத்தோம். ஒரு கிலோவுக்கு மேல் காட்டியது. அலகைக் கழித்தாலும் முழங்கால் வரைக்கும் காணும் என்று மனைவி சொன்னாள். ஒரு கிழமைக்குப் பிறகு அன்றுதான் தங்கை சிரித்தாள்.

வெள்ளி வேலைக்காரர் கிழமை நாட்களில் பல் செய்யும் ஆய்வுகூடம் ஒன்றில் செயற்கைப் பல் செய்கிறவர். சனிக்கிழமைகளில் தான் குடியிருக்கும் கட்டடத்தின் நிலவறையில் தோடு, கொலுசு, கோயிலுக்கு வேல் என்று செய்வார். எங்களைவிட வயது குறைந்தவர். மறுநாள் பெட்டியோடு அவரிடம் போனோம்; தங்கை அங்கேதான் மற்றப் பொதியை அவிழ்த்தாள். அது ஒரு வெள்ளைக் கால். மச்சானுக்குச் சப்பாத்து செய்தவர் எடுத்த பிளாஸ்டர் அச்சு. வேலை முடிந்ததும் அதை எறியப் போனாராம். இவள் கேட்டு வாங்கிவிட்டாள். கணுக்காலுக்கு மேல் நீலப் பேனையால் ஒரு கோடும் இழுத்திருந்தாள்.

வெள்ளி வேலைக்காரர் அச்சை மடியில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு கொஞ்சம் தயங்கிக் கேட்டார்.

“அக்கா, விரல் அஞ்சு போடுறதோ, மூண்டு போடுறதோ?”

“இருக்கிறது மூண்டுதானே தம்பி.”

“நேத்திக்கு எண்டால் முழுசாய்ச் செய்யிறதுதான் வழக்கம்.”

“மாதாவுக்குப் பொய்க்கணக்குக் காட்டேலாது. மூண்டைப் போடுங்கோ.”

அவர் சிரித்துக்கொண்டு வேலையைத் தொடங்கினார். கத்தியின் அலகைக் கழற்ற வேண்டும். பிடியைத் திருகியில் இறுக்கி, தீக்குழாயைப் பிடித்தார். பிடி முழுக்க வெள்ளி என்றுதான் அவரும் நினைத்தார், நாங்களும் நினைத்தோம். அரை நிமிடம் இருக்கும். உள்ளே ஏதோ கறகறத்தது. பிறகு பட்டாசு போல் ஒரு சத்தம். பிடியின் நுனி பறந்துபோய்ச் சுவரில் பட்டது. ஓட்டைக்குள்ளிருந்து கறுப்புக் கீல் கொதித்துக்கொண்டு வழிந்தது; தார் ஊற்றும் தெருவின் மணம். புகை மண்டியது. நடையில் இருந்த புகை அறிவிப்புக் கருவி கத்தத் தொடங்கியது.

நான்தான் கிட்ட நின்றேன். கூட்டும் தும்புத்தடியை எடுத்துக் கருவியின் பொத்தானை அமத்தப் பார்த்தேன். இரண்டாவது குத்தில் கருவி கழன்று விழுந்து இரண்டாக உடைந்தது. சத்தம் நின்றது. கட்டடத்தைப் பராமரிக்கிற ஜேர்மன்காரர் ஓடி வந்தார். புகைக்குள் மூன்று தமிழர், மேசையில் பதினொரு கத்தி, நடுவில் மூன்று விரலோடு கோடு கீறிய ஒரு வெள்ளைக் கால். எல்லாவற்றையும் ஒரு முறை பார்த்தார். உடைந்த கருவியை மட்டும் பொறுக்கிக்கொண்டு, இருபத்துநாலு யூரோ தொண்ணூறு என்று சொல்லிவிட்டுப் போனார். கொடுத்தது நான்.

புகை போனதும் விஷயம் விளங்கியது. பிடிகள் மெல்லிய வெள்ளித் தகட்டால் செய்தவை. கையில் பாரமாக இருக்க உள்ளே கீலை நிரப்பி, அதிலே அலகை நட்டிருக்கிறார்கள். பெரிய தெருவின் பெரிய கடையும் கனத்தைக் காட்டித்தான் விற்றிருக்கிறது. வெள்ளி வேலைக்காரர் வெற்றுப் பிடியைக் கழுவித் தராசில் வைத்தார். இருபத்தேழு கிராம். பன்னிரண்டுக்கும் முந்நூற்று இருபத்துநாலு. காலுக்குச் சேதாரத்தோடு நானூற்று எண்பது கிராம் வேண்டும்.

தங்கை தராசையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெள்ளி வேலைக்காரர் தன்னிடம் துண்டு வெள்ளி கிடக்கிறது, குறைவுக்குத் தானே போடுகிறேன், காசு வேண்டாம் என்றார். முருகனுக்கு வேல் செய்து மிஞ்சிய வெள்ளி, அதுவும் நல்ல வெள்ளிதான் என்றார்.

“பெருவிரல் மாதாவுக்கு, குதிக்கால் முருகனுக்கோ?” என்றாள் தங்கை. அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் அவள் சிரிக்கவில்லை. பெட்டியை இழுத்து மூடியைத் திறந்தாள்.

அவளுடைய கை பெரிய முள்ளுக்கரண்டிகளின் பக்கம் போனது. நான் கையைக் குறுக்கே நீட்டினேன். பன்னிரண்டாய் இருப்பதைக் குலைக்க வேண்டாம் என்றேன். சின்னக் கரண்டி ஏற்கெனவே பதினொன்று. அதில் மூன்றை எடுத்தால் நூற்று ஐம்பத்தாறு கிராம், எட்டு மிஞ்சும். ஆறாகவோ எட்டாகவோ இருந்தால் விலை அதிகம் குறையாது என்று கடைக்காரர் சொல்லியிருந்தார். முந்நூற்று இருபத்துநாலும் நூற்று ஐம்பத்தாறும் சரியாக நானூற்று எண்பது. எனக்கே அந்தக் கணக்கு நம்ப முடியவில்லை. இன்னொரு தரம் கூட்டினேன்.

“அந்தப் பன்னிரண்டாவது எங்கை? உன்னட்டைத்தானே இருக்கும், அதையும் கொண்டா. ரெண்டை எடுத்து, ஒண்டுக்கு அதைப் போடுவம்” என்றேன். அப்படியானால் ஒன்பது மிஞ்சும். இன்னொன்று எங்காவது தேடினால் பத்தாக்கலாம் என்று என் மூளை ஓடிக்கொண்டிருந்தது.

அவள் கைப்பையைத் திறந்து, காகிதக் கைலேஞ்சியில் சுற்றியிருந்த கரண்டியை எடுத்தாள். என் கையில் தந்தாள். நான் உருப்பெருக்கியை எடுத்தேன். அதே சிங்கம், அதே மகாராணி. ஆனால் வாய்ப் பக்கம் மற்றவை மாதிரி இல்லை. இடப்பக்க ஓரம் சரிந்து தேய்ந்திருந்தது. வலக்கையால் உண்பவர்கள் கிண்ணத்தின் அடியைச் சுரண்டிச் சுரண்டி உண்டாக்கிய சரிவு.

அந்த ஆங்கிலேய அம்மா கடைசி வருடங்களில் வேறு கரண்டியை வாயில் வைக்க விடமாட்டாராம். காலையில் கஞ்சி, மத்தியானம் சூப், மாலையில் மருந்து எல்லாம் இதால்தான். கை நடுங்கத் தொடங்கிய பிறகு தங்கை ஊட்டியதும் இதால்தான். அம்மாவின் அம்மாவும் அதால்தான் சாப்பிட்டாராம். அவ்வளவையும் அவள் வெள்ளி வேலைக்காரரைப் பார்த்துத்தான் சொன்னாள்.

“இதையும் சேர்த்தால் கணக்குச் சரியாய் வரும்” என்றேன் நான்.

“இது கணக்கிலை இல்லை, அண்ணை.”

கரண்டியை என் கையிலிருந்து வாங்கிச் சுற்றிப் பைக்குள் வைத்தாள். பிறகு பெட்டிக்குள் பார்க்காமலே மூன்று சின்னக் கரண்டிகளை எடுத்து மேசையில் வைத்தாள்.

கால் ஜூலை கடைசியில் முடிந்தது. வேலைக்கூலி இருநூற்று இருபது யூரோ. நான் கொடுக்கப் போனபோது வெள்ளி வேலைக்காரர் வாங்கவில்லை. நேர்ந்தவரே கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் பலன் உங்களுக்கு வந்துவிடும் என்றார். பலன் எனக்கு வந்தால் என்ன என்று கேட்டேன். உங்களுக்குக் கால் நோ இல்லையே அண்ணை என்றார்.

ஆனால் தங்கையிடம் இருநூற்று இருபது யூரோ இல்லை. மிச்சப் பெட்டியைக் கடைக்காரருக்குக் கொடுக்க அவளுக்கு இப்போது தடையில்லை. நேர்த்திக்கு உரியது போய்விட்டது. அவர் வந்தார். கத்தித் தட்டு வெறுமையாகக் கிடப்பதையும் சின்னக் கரண்டி எட்டு இருப்பதையும் பார்த்துவிட்டு, ஆயிரத்து முந்நூற்று ஐம்பது என்றார். நியாயமான விலைதான். அவர் எண்ணிக் கூடைக்குள் வைக்கத் தொடங்கினார். ஒன்று, இரண்டு என்று ஜேர்மன் மொழியில் அவர் எண்ண எண்ண நானும் மனதுக்குள் கூடவே எண்ணினேன். ஏழில் நான் நிறுத்தச் சொன்னேன். அதே விலைக்கு நானே எடுக்கிறேன் என்றேன். அவர் ஆச்சரியப்படவில்லை. உருப்பெருக்கி வாங்கிய அன்றே தெரியும் என்றார்.

தங்கை அண்ணனிடம் காசு வாங்க மாட்டேன் என்றாள். கடைக்காரர் கொடுப்பதைத்தான் நானும் கொடுக்கிறேன், ஒரு சதமும் கூட இல்லை என்று சொல்லித்தான் வாங்க வைத்தேன். அதில் கூலியைக் கட்டினாள். மிச்சத்தில் மச்சானுக்கு ஒரு சோடி மாரிச் சப்பாத்தும் வந்தது. என் மனைவி இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை. மூன்றாம் நாள், “உங்களுக்குக் கரண்டியாலை சோறு தின்னத் தெரியுமே?” என்று மட்டும் கேட்டாள்.

ஆகஸ்ட் சனிக்கிழமை ஒன்றில் வார இறுதி டிக்கெட் எடுத்து நானும் மனைவியும் கெவலாருக்குப் போனோம்; இருபத்தெட்டு யூரோ. ஹாலந்து, பாரிஸ் பக்கத்திலிருந்தெல்லாம் சனம். பொரித்த றோல்ஸ் மணமும் மெழுகு மணமும். மச்சான் புதுச் சப்பாத்தோடு, தடி இல்லாமல், ரயில் நிலையத்திலிருந்து நடந்தே வந்தார். தங்கை துவாயை அவிழ்த்தபோதுதான் அவர் அந்தக் காலை முதல் தரம் பார்த்தார். வெயிலில் கண் கூசியது. கோடு இருந்த இடத்தில் வெள்ளி வேலைக்காரர் மெல்லிய வரம்பு ஒன்று வைத்திருந்தார். மச்சான் மூன்று விரல்களையும் தடவிப் பார்த்தார்.

“என்னிலும் பார்க்க மாதாவுக்கு நல்ல கால் போகுது” என்றார். பிறகு மூக்கைச் சிந்திக்கொண்டு மற்றப் பக்கம் திரும்பி நின்றார்.

காணிக்கை வாங்கும் அறையில் வயதான ஜேர்மன் பெரியவர் ஒருவர் இருந்தார். காலைத் திருப்பி அடியைப் பார்த்தார். எண் தேடுகிறார் என்று எனக்கு விளங்கிவிட்டது. நானும் அப்படித்தானே தேடினேன். இது வெள்ளியா என்று கேட்டார். சிங்கமும் மகாராணியும் கடைக்காரனின் எழுத்தும், அதன் கீழே கிடந்த முகம் தெரியாத ஒருவனின் எழுத்தும் எல்லாம் உருக்கும் மூசைக்குள் போய்விட்டன. இனி அது வெள்ளிதான் என்று சொல்ல எங்களைத் தவிர யாருமில்லை. நான் விளக்கமாகச் சொல்ல வாயைத் திறந்தேன். தங்கை முந்திக்கொண்டு ஒரு சொல்லில், ஆம் என்றாள். பெரியவர் மேற்கொண்டு கேட்கவில்லை. ஏன் மூன்று விரல் என்றும் கேட்கவில்லை.

பெட்டி இப்போது எங்கள் அலுமாரியின் மேல்தட்டில் இருக்கிறது. அறுபது பள்ளத்தில் நாற்பத்துநாலு சாமான். கத்திகள் கிடந்த தட்டில் மனைவி கெவலாரில் வாங்கிய மெல்லிய மெழுகுதிரிகளை அடுக்கியிருக்கிறாள். அளவு எப்படியோ பொருந்திவிட்டது. ஞாயிற்றுக்கிழமைகளில் பெரிய கரண்டி ஒன்றை எடுத்துச் சொதி பரிமாறுகிறாள். மஞ்சள் பிடிக்கும் என்று நான் சொன்னால் கேட்பதில்லை. அந்தப் பன்னிரண்டாவது பள்ளம் மட்டும், கரண்டி அதிகம் கிடந்து உரசாததால், வெல்வெட் புதிதாக, நீலம் மங்காமல் இருக்கிறது. எண்ணும்போது அதை நான் தாண்டிப் போகப் பழகிவிட்டேன்.

கரண்டிகளுக்கு ஆயிரத்து முந்நூற்று ஐம்பது, உருப்பெருக்கி, புகை அறிவிப்புக் கருவி, ரயில் டிக்கெட், எல்லாம் சேர்த்து எனக்கு முடிந்த செலவு ஆயிரத்து நானூற்றுப் பதினைந்து யூரோ நாற்பது சென்ட்.